பக்கத்து மலையைப் பார்க்கும் ட்ரோல்

வதனி அந்தப் படத்தைச் சுருள் பிரித்து எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்தபோது நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில், எங்கள் வீட்டுக் குசினியும் சாப்பாட்டு மேசையும் ஒரே இடத்தில்தான். சுருள் மறுபடி சுருண்டுவிடாமல் இருக்க, கைக்கு வந்த சாமான்களை எடுத்து மூலைகளில் வைத்தாள்: தேயிலைத் தகரப் பேணி, மிளகாய்த்தூள் போத்தல், என் கண்ணாடிக் கூடு, என் கணவரின் மருந்துக் குளிசைப் பெட்டி.

"வந்து பார் அக்கா" என்றாள்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தேன். ஒரு மலை. இல்லை, மலையளவு பெரிய ஒரு பூதம். முதுகெல்லாம் பாசி. தலைமயிருக்குப் பதிலாக ஊசியிலை மரங்கள். மூக்கின் மேல் கொஞ்சம் பனி. மடியில் ஒரு சின்னச் சிவப்பு வீடு, அதன் ஜன்னலில் விளக்கு எரிந்தது. மாட்டு வால் ஒன்று பின்னால் ஏரிக்குள் தொங்கியது. பூதம் குந்தியிருந்து பக்கத்து மலையைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. கீழுதடு வெளியே தள்ளியிருந்தது.

வதனி என் தங்கை. என்னைவிட இரண்டு வயது இளையவள். நோர்வேயில் இருக்கிறாள். படம் கீறுவதுதான் அவளுக்குச் சோறு போடுகிறது. அந்த நாட்டுப் பூதமான ட்ரோலைக் கீறித்தான் பெயர் எடுத்தாள். மேசையில் கிடந்த இந்த ட்ரோல் அங்கே பிஸ்கட் பேணியில் இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளிப் பையில் இருக்கிறது, மலையைக் குடைந்து போட்ட ஒரு தெருவின் வாசலில் ஆளுயரத்துக்கு இருக்கிறது. பரமட்டாவில் அவளுடைய படங்களுக்கு ஒரு கண்காட்சி வைக்கிறார்கள் என்றுதான் சிட்னிக்கு வந்திருந்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வாரமும் இந்தப் பத்திரிகைத் தொடரில் என்னை ஒரு நல்ல மனுசியாகவே காட்டி வந்துவிட்டேன். இந்த வாரம் அது சரிவராது.

இவர் வந்து படத்தை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மகள் ஆரணியும் வந்து பார்த்தாள். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பூதத்தின் மூக்கைப் பார்த்துச் சிரிக்கிறார்களாக்கும் என்று நினைத்து நான் வெங்காயத்துக்குத் திரும்பிப் போனேன்.

நாடு இல்லாதவர்களின் பூதம்

சில வருடங்களுக்கு முன் நானும் நோர்வேக்குப் போயிருக்கிறேன். விமான நிலையத்திலேயே ஒரு ட்ரோல் நின்றது. அழுக்கு மயிர், வெங்காய மூக்கு, கையிலே தேசியக் கொடி. சனம் அதன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்தது. எங்கள் ஊரில் ஒரு பேயின் தோளில் யாராவது கைபோட்டால் அடுத்த நாள் நூல் கட்டக் கூட்டிப் போவார்கள்.

வதனி என்னைப் பெரிய சித்திரக்கூடம் ஒன்றுக்குக் கூட்டிப் போனாள். பழைய ஓவியங்கள். காட்டோடு காடாக நடந்து வரும் ட்ரோல்கள். முன்னால் பார்த்தால் பேரழகியாகவும் பின்னால் மாட்டு வாலோடும் நிற்கும் காட்டுப் பெண். தண்ணீருக்குள் கிடந்து ஆளை இழுக்கும் ஒன்று. மாட்டுக் கொட்டிலைக் காவல் காக்கும் குள்ளன், இயேசு பிறந்த நத்தாருக்கு அவனுக்கு அரிசிக் கஞ்சி வைக்க வேண்டும், அதன் மேல் வெண்ணெய்க் கட்டி வைக்க மறந்தால் வீட்டுக்குக் கூடாது. எல்லாவற்றையும் கண்ணாடி போட்ட மனிதர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மரியாதையாகப் பார்த்தார்கள்.

"ஏன் இந்தச் சனம் பேயைக் கொண்டாடுது?" என்று கேட்டேன்.

வதனி சொன்ன கதை இது. நோர்வே பல நூறு வருடம் டென்மார்க் அரசனுக்குக் கீழே இருந்த நாடு. பிறகு சுவீடன் அரசனுக்குக் கீழே. எழுதின பாஷைகூட டென்மார்க்காரருடையது. அந்தக் காலத்தில் சிலர் ஊரூராகப் போய்க் கதைகளைச் சேர்த்தார்கள். ஓவியர்கள் அந்தக் கதைகளுக்குப் படம் கீறினார்கள். அரசன் வேறு ஊரான், சட்டம் வேறு ஊரானது, அப்படியென்றால் எங்களுக்கென்று என்ன இருக்கிறது என்று தேடினார்கள். மலை இருந்தது. மலைக்குள் ஒன்று இருந்தது. அசிங்கமாக, முட்டாளாக, வெயில் பட்டால் கல்லாகிப்போகிற ஒன்று. அதை வேறு எவரும் தன்னுடையது என்று கேட்டு வரமாட்டார்கள். அதையே தங்கள் முகமாக வைத்துக்கொண்டார்கள்.

நான் அந்தச் சித்திரக்கூடத்து வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். கால்வலி என்று வதனிக்குச் சொன்னேன். உண்மையில் எரிச்சல் தாங்கமுடியவில்லை. அவர்களுக்கும் நாடு கையில் இல்லாத காலம் இருந்தது, அப்போது அவர்கள் பூதம் கீறினார்கள். நாங்கள் கிடைக்காத நாட்டுக்கு வரைபடம் கீறினோம்.

முந்திப் போனவள்

இன்னொரு எரிச்சலையும் சொல்ல வேண்டும். நோர்வேக்கு முதலில் போக இருந்தது நான்தான்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அங்குள்ள மக்கள் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்துப் போனார்கள். நானும் விண்ணப்பித்தேன். தனக்கும் ஒன்று நிரப்பித் தா என்று வதனி என் பின்னால் திரிந்தாள், நானே நிரப்பிக் கொடுத்தேன். அவளுக்கு இடம் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

அம்மா அவளுக்குப் புறக்கோட்டை நடைபாதையில் ஒரு நீல ஸ்வெட்டர் வாங்கினா. கழுத்து உயர்ந்த, முரட்டுக் கம்பளி. கொழும்பு வெயிலில் அதைப் போட்டுக்கொண்டுதான் வதனி விமான நிலையத்துக்கு வந்தாள். எல்லாரும் அழுதார்கள். நான் அழவில்லை. அதனால் எனக்குக் கல்மனம் என்று சொந்தக்காரர் இன்றைக்கும் சொல்வார்கள்.

அவள் வடக்கே ஒரு கடற்கரை ஊரில் மீன் வெட்டும் வேலை செய்தாள். மீன்பெட்டி மட்டைகளில் படம் கீறினாள். நான் சில வருடம் கழித்துக் கல்யாணம் கட்டிச் சிட்னிக்கு வந்தேன். இங்கே இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கிறேன். நோர்வேக் கதைகளில் ட்ரோலுக்கு மனுச இரத்தம் தூரத்திலேயே மணக்குமாம். இதைக் கேட்ட நாளிலிருந்து இவர் என்னை வேலைக்கு அனுப்பும்போது ஒரு மாதிரிச் சிரித்துத்தான் அனுப்புகிறார்.

இந்த மண்ணின் பூதம்

அவளுக்கு நோர்வே ஒரு பூதத்தைக் கொடுத்தது என்றால் எனக்கு இந்த நாடும் ஒன்றைக் கொடுக்கத்தானே வேண்டும் என்று ஒரு காலத்தில் யோசித்தேன்.

இங்கேயும் ஒன்று இருக்கிறது. பன்யிப் என்பார்கள். குளம், சேறு, ஆற்று மடுக்களில் இருக்கும். ஆரணியின் பள்ளிக்கூட விழாவுக்கு அதை ஒரு பெரிய துணியில் கீறிக் கொடுப்பதாகப் பெயர் கொடுத்துவிட்டேன். தூரிகைகூட வாங்கியாகிவிட்டது.

என்னோடு வேலை செய்யும் ஒருத்தி இந்த மண்ணின் ஆதிக்குடிப் பெண். தேநீர் நேரத்தில் அவளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. அந்தக் கதைகளுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்கள், அந்தந்த நீருக்கு அந்தந்தச் சனம், கீற முதல் அவர்களைக் கேட்க வேண்டும் என்றாள். யாரைக் கேட்பது என்று கேட்டேன். நீ எந்தத் தண்ணீரைக் கீறப் போகிறாய் என்று திருப்பிக் கேட்டாள்.

அவள் சொன்னது நியாயம். நாட்டைப் பறிகொடுத்தவர்களிடம் போய்ப் பேயையும் தா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. துணியில் ஒரு மயிலைக் கீறிக் கொடுத்தேன். மயில் நன்றாக வந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் தூரிகையைத் தொடவில்லை.

ட்ரோலைக் கீற நீ யார் என்று நோர்வேயில் வதனியிடம் யாரும் கேட்கவில்லையா? இதை அவளிடமே கேட்டிருக்கிறேன். அங்கே ட்ரோல் எல்லாருக்கும் பொது என்றாள், வந்து சேர்ந்தவர்களும் கீறலாம். கீறினால் அவர்களுக்குச் சந்தோசம். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். அக்கரையில் உண்மையாகவே பச்சையாக இருந்தால் இக்கரையில் இருப்பவள் என்னதான் செய்வது?

கிணற்றுக்கட்டு முனி

வதனி குளிக்கப் போன நேரம் நான் மறுபடி படத்தடியில் போய் நின்றேன். ஏதோ ஒன்று தெரிந்த மாதிரி இருந்தது. அந்தக் குந்தல், அந்த வளைந்த முதுகு, அந்தப் பார்வை. எங்கோ பார்த்திருக்கிறேன்.

பிறகு பிடிபட்டது. எங்கள் வீட்டுக் கிணற்றுக்கட்டில் நான் கரியால் கீறிய முனி. பிள்ளைகளாக இருந்தபோது வதனியைப் பயமுறுத்துவதற்கென்றே கீறுவேன். வானம் முட்ட உயரமான முனி கிணற்றுக்கட்டில் இடம் போதாமல் குந்தியிருக்கும். அவள் அந்தப் பக்கம் முகம் கழுவ வரமாட்டாள். மழை பெய்து அழியும். நான் மறுபடி கீறுவேன்.

இவரைக் கூப்பிட்டேன்.

"இது என்ர முனி. களவெடுத்துப் பனி பூசி விட்டிருக்கிறாள்."

இவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உமக்கு அப்பிடியே தெரியுது?" என்று கேட்டார்.

"பின்னை? நாளைக்கு மண்டபத்தில இது எங்கயிருந்து வந்தது எண்டு அவள் சொல்லாட்டில் நானே எழும்பிக் கேப்பன்."

"வேண்டாம் மாலா. சொன்னாக் கேளும்" என்றார். தங்கைக்குப் பரிந்து பேசுகிறார் என்று அவரோடும் கோபித்துக்கொண்டேன்.

இரவுச் சாப்பாட்டின்போது வதனி தன் பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அங்குள்ள விமர்சகர்கள் இந்தப் படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்களாம். ட்ரோல் பார்க்கும் பக்கத்து மலை சுவீடனாம். பணக்கார அயலவனை ஏழை நாடு பார்த்த பார்வையாம். நோர்வேயின் ஆன்மாவை ஒரு முகத்தில் கண்டோம் என்றார்களாம். எங்கள் கிணற்றுக்கட்டுக்கு நோர்வேயின் ஆன்மாவா என்று நினைத்தபோது புட்டு தொண்டையில் அடைத்தது. ஆரணி தண்ணீர் எடுத்துத் தந்தாள்.

அப்போதே கேட்டிருக்கலாம். ஆனால் வீட்டுக்குள் கேட்டால் வீட்டோடு போய்விடும். அவளை ஊரறியப் புகழ்கிறார்கள் என்றால் நானும் ஊரறியத்தான் கேட்க வேண்டும் என்று மனதில் பிடித்துக்கொண்டேன். அதோடு எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோகலாம். எனக்கு இருப்பது ஒரே ஒரு உடன்பிறப்பு. அதுவும் தெரிந்துதான் இருந்தது.

பரமட்டா மண்டபம்

மண்டபம் நிறைந்திருந்தது. சிட்னியில் இத்தனை நோர்வேக்காரர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. சிலர் அந்த வெக்கையிலும் பூப்போட்ட கம்பளிச் சட்டை போட்டு வந்திருந்தார்கள். எங்கள் ஆட்களும் வந்திருந்தார்கள், பட்டுச் சேலைகளும் வடைப் பெட்டியுமாக. மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் ட்ரோல் குந்தியிருந்தது. நாங்கள் முன் வரிசையில் இருந்தோம், கலைஞரின் குடும்பம் அல்லவா.

வதனி நன்றாகப் பேசினாள். மீன்பெட்டி மட்டையைச் சொன்னாள். இருட்டு மாதங்களைச் சொன்னாள். முதல் ட்ரோலை வாங்கிய பதிப்பகத்தார் அவளுடைய பெயரை வாசிக்கத் தெரியாமல் தடுமாறியதைச் சொல்லிச் சிரிக்கவைத்தாள். கிணற்றுக்கட்டைச் சொல்லவில்லை. முனியைச் சொல்லவில்லை. அக்கா என்ற சொல்லே வரவில்லை.

கேள்வி நேரம் வந்தது. ஒரு நோர்வேக்காரர் அந்தப் பார்வை சுவீடனைப் பார்க்கும் பார்வைதானே என்று கேட்டார். வதனி சிரித்து, பார்ப்பவர்கள் தாங்கள் விரும்பியதைப் பார்க்கட்டும் என்று மழுப்பினாள். இவர் என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் எழும்பிவிட்டேன்.

ஒலிவாங்கியைக் கொண்டுவந்து தந்தார்கள். இங்கிலிஷில்தான் கேட்டேன். இந்த ட்ரோல் உண்மையில் எந்த நாட்டது, யாருடையது, இந்தச் சபைக்குச் சொல்ல முடியுமா? கேட்டுவிட்டு உட்காராமல் நின்று, மேடையில் நின்ற தங்கையைப் பார்த்தேன்.

பதிலுக்குப் பதிலாக ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. கம்பளிச் சட்டைக்காரி ஒருத்தி திரையைக் காட்டினாள், என்னைக் காட்டினாள். பக்கத்திலிருந்தவள் பார்த்தாள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. எங்கள் ஆட்களும் பார்த்தார்கள். "ஐயோ, மாலாக்காவெல்லோ" என்று யாரோ சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. மேடையின் பக்கத்துக் கறுப்புக் கண்ணாடிச் சுவரில் என் உருவம் தெரிந்தது. கடைக்கண். வளைந்த முதுகு. வெளியே தள்ளிய கீழுதடு.

நான் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டேன். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

வதனி சிரிக்கவில்லை. முதலில் சபைக்கு இங்கிலிஷில், இது என் அக்கா, அந்த முகம் அவளுடையது என்றாள். பிறகு ஒலிவாங்கியைத் தாழ்த்திக்கொண்டு மேடை விளிம்புக்கு வந்து எனக்குத் தமிழில் சொன்னாள்.

"எயார்போட்டில எல்லாரும் அழுதவை. நீ அழேல்லை. என்ர ஸ்வெட்டரைப் பாத்துக்கொண்டு இப்பிடித்தான் நிண்டனீ. அந்த முகத்தைத்தான் நான் கொண்டு போனனான், அக்கா. அங்க போனா ஜன்னலுக்கு வெளியில ஒரு மலை. அதுவும் அப்பிடியே பாத்துக்கொண்டு நிண்டுது. அதால எனக்கு ஒருநாளும் தனிய இருக்கிற மாதிரித் தெரியேல்லை."

நான் உட்கார்ந்தேன். அவள் போன அன்று வராத அழுகை அப்போது வந்தது. முன் வரிசையில் இருந்து மூக்கைச் சிந்துவது எவ்வளவு வெட்கக்கேடு என்று யோசிக்கவும் தோன்றவில்லை. ஒரு முழு நாடு தன் ஆன்மா என்று பிஸ்கட் பேணியில் ஒட்டி வைத்திருப்பது ஒரு நீல ஸ்வெட்டருக்கு நான் பட்ட பொறாமை. ஆரணி என் தோளில் தலையை வைத்து, "அம்மா, வீ ஆல் நியூ, எங்களுக்கு முதலே தெரியும்" என்றாள். குசினியில் வாயைப் பொத்திச் சிரித்த காரணம் அப்போதுதான் விளங்கியது.

கூட்டம் முடிந்ததும் வதனியிடம் கேட்டேன்.

"அப்ப என்ர முனி?"

"எந்த முனி?" என்றாள்.

பொய் சொல்லவில்லை, அவளுக்கு உண்மையாகவே நினைவில்லை. இத்தனை கரி செலவழித்து நான் பயமுறுத்தியதெல்லாம் ஒன்றும் பதியவில்லை. நான் நினையாமல் காட்டிய ஒரு முகம்தான் பதிந்திருக்கிறது.

வரிசை

கடைசியாக ஒன்று நடந்தது. இதை எழுதத்தான் இந்த வாரம் இவ்வளவு சுற்றி வந்தேன்.

கண்காட்சி மேசையில் வதனி பேனையோடு உட்கார்ந்திருந்தாள், புத்தகங்களில் கையெழுத்துப் போட. ஆனால் வரிசை அங்கே நிற்கவில்லை. திரைக்கு முன்னால் நின்றது, என்னோடு படம் எடுக்க. கம்பளிச் சட்டைக்காரர் எல்லாரும் வந்தார்கள். அந்த முகத்தை ஒருக்கால் காட்டுங்கள் என்று பணிவாகக் கேட்டார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. ஒரு வயதான மனுசி என் கையைப் பிடித்து, உங்களைப் பார்த்தால் ஊருக்குப் போய்வந்த மாதிரி இருக்கிறது என்றா. நான் நோர்வேயின் ஆன்மா என்றபடியால் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். வடைப் பெட்டியைக் காவி வந்த எங்கள் ஆட்களும் கடைசியில் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.

ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் தற்செயலாக மேசைப் பக்கம் திரும்பினேன். வதனி தனியாக இருந்தாள். பேனை மூடி கழற்றியபடி கையில் இருந்தது. அவள் என்னையும் என் வரிசையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை கொஞ்சம் சரிந்திருந்தது. கடைக்கண். கீழுதடு மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது.

எங்கள் அம்மாவின் உதடு அது. இரண்டு பேருக்கும்தான் வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் சேலைகூட மாற்றாமல் ஆரணியின் அறைக்குள் போய்ப் பென்சில் தேடினேன். வதனியின் முகம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. வாலை எந்தப் பக்கம் தொங்கவிடுவது என்பதில்தான் இன்னும் எனக்கு யோசனை.